சான்றிதழ் சொல்லாதவை
பழைய வாகனம் வாங்க எண்ணும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்

இடம்பெயர்ந்து வாழும் இடத்திலும், மீளக் குடியேறிய காணியிலும் பயிர் செய்யும் எமது குடும்பங்களுக்கு, விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோவது பயிர் செய்வதைப் போலவே பெரிய வேலை. பறித்த கத்தரிக்காய் வாடகை லொறி வரும்வரை காத்திருக்காது. ஆகவே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, கையிலுள்ள சேமிப்பையும் அடகு வைத்த நகைப் பணத்தையும் போட்டு, பழைய பட்டா வாகனம் ஒன்றையோ வானையோ வாங்க எண்ணுவது இயல்பே. ஆனால் அந்தப் பணம் இரண்டாம் முறை கைக்கு வராது. அந்த வாகனத்தில் மூட்டைகள் மட்டுமல்ல, எமது பிள்ளைகளும் ஏறுவார்கள்.

எமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓடியவை எல்லாம் பழைய வாகனங்களே. அவற்றின் வயது ஏறியது, விலையும் ஏறியது. இத்தகைய வாகனத்தைப் பார்க்கப் போனால் விற்பவர் முதலில் ஒரு சான்றிதழை நீட்டி, "எல்லாம் பாஸ்" என்பார். அந்தத் தாள் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இரண்டு சான்றிதழ்கள்

முதலாவது புகைப் பரிசோதனைச் சான்றிதழ். இத்திட்டம் 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் வந்தது. ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது இதைக் கேட்பார்கள். இங்கே அளக்கப்படுவது புகை மட்டுமே. பிறேக் பிடிக்காத வாகனமும், சேஸிஸ் உக்கிய வாகனமும் புகைப் பரிசோதனையில் சித்தியடைய முடியும்.

இரண்டாவது தகுதிச் சான்றிதழ். வீதியில் ஓடத் தக்க நிலையில் வாகனம் உள்ளதா என்பதைப் பற்றியது இதுவே. பஸ், லொறி போன்ற வாகனங்களுக்கு இது கேட்கப்படுகிறது. தனியார் காருக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ கேட்கப்படுவதில்லை. எனவே 20 ஆண்டு ஓடிய காரின் அடிப்பக்கத்தை எந்தப் பரிசோதகரும் ஒருதரமேனும் பார்க்காதிருந்திருக்கலாம். வாங்கப்போகும் வாகனம் எந்த வகுப்பில் பதியப்பட்டுள்ளது என்று பதிவுச் சான்றிதழில் பாருங்கள். லொறி என்றிருந்தால் தகுதிச் சான்றிதழையும் கேளுங்கள்.

2. பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

பிரித்தானியாவில் 1960 முதல் கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை உண்டு. இப்போது பெரும்பாலான கார்கள் மூன்று வயது நிறைந்ததும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படுகின்றன. நல்ல வீதியும் வசதியான கராஜும் உள்ள அந்த நாட்டிலேயே நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்கள் முதற் தடவையில் தவறுகின்றன. முன்னுக்கு நிற்கும் குறைகள் விளக்கு, சஸ்பென்ஷன், பிறேக், ரயர் ஆகியவை. இவை யாவும் தேய்ந்து பழுதாகும் பாகங்கள். எஞ்சின் நன்றாக ஓடும்போதே இவை கெட்டிருக்கும்.

அந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. எஞ்சின், கிளச், கியர்பெட்டி ஆகியவற்றின் தேய்வை அது ஆராய்வதில்லை. பாகங்களைக் கழற்றியும் பார்ப்பதில்லை. பரிசோதித்த நாளில் வாகனம் இருந்த நிலையை மட்டுமே சான்றிதழ் கூறும். அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் தராது. எந்த நாட்டுச் சான்றிதழுக்கும் இது பொருந்தும். அன்றைய தினத்துக்காக நல்ல ரயரைப் பூட்டி, பிறகு கழற்றிவிடவும் முடியும். ஆகவே சான்றிதழை வாங்கிப் பார்ப்போம். அத்தோடு நின்றுவிடாமல் வாகனத்தையும் பார்ப்போம்.

3. நாமே பார்க்கக்கூடியவை

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போங்கள். நாம் வருமுன் எஞ்சினை இயக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும்.

பிறேக்: எஞ்சினை இயக்கி, பிறேக் பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடல் ஓரிடத்தில் உறுதியாக நிற்கவேண்டும். மெல்ல மெல்லத் தரைவரை இறங்கினால் எங்கோ ஒழுக்கு உண்டு, அல்லது பிறேக் மாஸ்டர் பழுது. நான்கு சில்லுகளின் உட்பக்கத்திலும் ஈரக்கசிவு உள்ளதா என்று பாருங்கள். பிறேக் ஒயில் நாட்செல்ல ஈரத்தை உறிஞ்சும். அப்படிப்பட்ட ஒயில், நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். பெடல் வெறுமையாக இறங்கிவிடும். வன்னிச் சமவெளியில் தெரியாத இக்குறை, பண்டாரவளைப் பக்கம் சுமையோடு இறங்கும்போது உயிரை வாங்கும். வாங்கியதும் பிறேக் ஒயிலை மாற்றுவது பெரிய செலவல்ல.

ரயர்: பூவின் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது. ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் அச்சிடப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பூ நிறைய இருந்தாலும், வயது சென்று பக்கச் சுவர் வெடித்த ரயர் சுமையோடு ஓட உதவாது. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சில்லின் கோணம் பிழை, அல்லது முன்பக்க மூட்டுகள் தேய்ந்துள்ளன. இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது.

ஸ்ரியரிங், சஸ்பென்ஷன்: முன்சில்லை ஜக் போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு இரு பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் மூட்டோ பெயாரிங்கோ தேய்ந்துள்ளது. சமமான வீதியில் வாகனம் ஒரு பக்கம் இழுக்கிறதா என்றும் ஓட்டிப் பாருங்கள்.

சேஸிஸ்: பாய் ஒன்றை விரித்துப் படுத்து அடிப்பக்கம் பாருங்கள். வெறும் துரு வேறு, உக்கல் வேறு. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீர் என்னும். உக்கிய இரும்பு மந்தமாக ஒலித்து உதிரும். அண்மையில் தடிப்பாகத் தார் பூசியிருந்தாலோ, சேஸிஸில் வெல்டிங் ஒட்டு இருந்தாலோ காரணம் கேளுங்கள். கடற்கரையில் நின்ற வாகனத்திலும், வெள்ளத்தில் மூழ்கிய வாகனத்திலும் இதை மிகக் கவனமாகப் பாருங்கள். இருக்கைக்குக் கீழேயும் விரிப்புக்கு அடியிலும் சேறு, பூஞ்சண மணம் இருந்தால் வெள்ளம் புகுந்த வாகனமாக இருக்கலாம். அதன் மின்கம்பிகள் மாதங்கள் சென்ற பின்பும் தொல்லை தரும்.

எஞ்சின்: குளிர்ந்திருக்கும்போதே றேடியேற்றர் மூடியைத் திறவுங்கள், சூட்டில் ஒருபோதும் திறக்கவேண்டாம். தண்ணீரில் ஒயில் மிதந்தாலோ, ஒயில் பால்போல் வெளுத்திருந்தாலோ ஹெட் கஸ்கட் பழுதாயிருக்கக்கூடும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஒயிலை எரிக்கிறது. கரும்புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. சில வேளை காற்று வடி அடைபட்டிருப்பதே காரணம்.

விளக்கு: ஒருவர் பிறேக் பெடலை மிதிக்க, மற்றவர் பின்னால் நின்று பார்க்கட்டும். விடியற்காலையில் சுமையோடு மெதுவாகப் போகும் வாகனத்துக்குப் பின்விளக்கு இல்லையென்றால், பின்னால் வரும் பஸ்ஸுக்கு நாம் தெரியமாட்டோம்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டர் குறைவாகவும், பெடலின் ரப்பரும் ஸ்ரியரிங்கும் வழுவழுப்பாகத் தேய்ந்தும் இருந்தால், மீட்டரை நம்பவேண்டாம்.

4. பத்திரங்கள்

சேஸிஸ் இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுச் சான்றிதழில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். நிதிக் கம்பனியொன்றின் பெயர் முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால் அது நீக்கப்படாமல் முழுப்பணத்தையும் கொடுக்கவேண்டாம். விற்பவர் கட்டாத தவணைக்காக எமது வீட்டு வாசலில் வாகனத்தைப் பறிக்க வருவார்கள். திகதியிடாமல் ஒப்பமிட்ட விற்பனைப் படிவத்தோடு வாகனத்தை வைத்து ஓடுவது ஆபத்து. நிரந்தர முகவரி இல்லை என்று பெயர் மாற்றத்தைப் பிற்போடாமல், பிரதேச செயலகத்தில் விசாரித்து உடனே செய்யுங்கள். மூன்றாம் நபர் காப்புறுதி எமது வாகனச் சேதத்துக்கு உதவாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

5. வாங்கும் முறை

விற்பவரின் ஆளல்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். வாகன விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கூலி மிகச் சிறியது. கண்ட குறைகளை ஒரு கொப்பியில் எழுதி, திருத்தச் செலவைக் கணக்கிட்ட பின்னரே விலை பேசுங்கள். உள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கையாவது ரயருக்கும் பிறேக்குக்குமென ஒதுக்குங்கள். "இன்றைக்கே முற்பணம் தாருங்கள், வேறு ஆள் நிற்கிறார்" என்றால் அவரே வாங்கட்டும். சேஸிஸ் உக்கிய வாகனத்தை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம்; மற்றக் குறைகளைத் திருத்தலாம்.

குழுவாகக் கலந்துரையாட

1. எமது கிராமத்தில் உள்ள வாகனங்களின் பிறேக்கையும் ரயரையும் கடைசியாகப் பார்த்தது எப்போது?

2. பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கும் வாகனம் யார் பெயரில் பதியப்படவேண்டும்? திருத்தச் செலவை எப்படிப் பகிர்வது?

3. அடுத்த கூட்டத்துக்கு மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஊரிலுள்ள ஒரு வாகனத்தில் மேற்கூறியவற்றைச் செய்துபார்க்க முடியுமா? பெண்களும் இளைஞரும் சேர்ந்து கற்றால், விலை பேசப் போகும் நாளில் நான்கு கண்கள் கூடுதலாக இருக்கும்.