விரிதாளினின்று வேண்டுவன எடுத்தல்

பேரேட்டைப்போல வரிசைகளும் பத்திகளும் அமைந்து கணினித் திரையிலே தோன்றுவது விரிதாள் எனப்படும். டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விசிகால்க் 1979-ஆம் ஆண்டில் வெளிவந்தபின், இது அலுவலகங்களில் நிலைபெறலாயிற்று. விரிதாளிலுள்ள பலவற்றுள் வேண்டிய சிலவற்றை மட்டும் நிரல் ஒன்றினால் எடுத்து உரைக்கோப்பாக எழுதும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். உரைக்கோப்பில் எழுத்துக்களன்றி வேறொன்றுமில்லை. ஆதலின் எவ்வகைக் கணினியிலும் அதனைத் திறந்து படித்தல் எளிது.

இஃதோர் எளிய வேலைதானே எனச் சிலர் எண்ணக்கூடும். அங்ஙனம் எண்ணுதலால் விளையும் தீங்கினை இங்கிலாந்து தேசம் 2020-ஆம் ஆண்டிற் கண்டது. கோவிட் சோதனையின் முடிவுகள் ஆய்வுக்கூடங்களினின்று உரைக்கோப்புக்களாக வந்தன. அக்காலத்துப் பொதுச் சுகாதார நிறுவனம் அவற்றை எக்ஸெலின் பழைய வகைக் கோப்பில் ஏற்றியது. அவ்வகைத் தாள் 65,536 வரிசைகளுக்குமேற் கொள்ளாது, மிஞ்சியவை ஏறவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகள் கணக்கினின்று விடுபட்டனர். அவர்கள் தத்தம் சோதனை முடிவை அறிந்திருந்தனர்; ஆயினும் அவர்களோடு பழகினோரைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. அங்கு நிகழ்ந்தது உரையினின்று தாளுக்கு. நாம் கூறவந்தது தாளினின்று உரைக்கு. திசை வேறாயினும் அபாயம் ஒன்றே: நாம் கேளாதவரை, நிரல் தான் விட்டவற்றை நமக்குச் சொல்லாது.

ஓர் உதாரணம் கொள்வோம். தேர்வுப் பட்டியலொன்றில் பதிவெண், பெயர், பிறந்தநாள், தமிழ் மதிப்பெண் எனப் பத்திகள் நான்கு உள. 40-ம் அதற்கு மேலும் பெற்றோரின் பதிவெண்ணும் பெயரும் மட்டும் நமக்கு வேண்டும். பைத்தான் மொழியும் ஓப்பன்பைஎக்ஸெல் என்னும் நிரல் நூலகமும் இதற்குப் போதும். கோப்பைத் திறக்குங்கால், கட்டத்திலுள்ள சூத்திரத்தையன்றி அதன் விடையைத் தருமாறு பணித்தல் வேண்டும். அடுத்து, தலைப்பு வரிசையைப் படித்துப் பத்திகளைப் பெயரால் அறிதல் வேண்டும். ‘நான்காம் பத்தி’ என எண்ணாற் குறித்தால், எவரேனும் இடையே ஒரு பத்தியைச் செருகியவுடன் நிரல் வேறொன்றை எடுத்துவிடும். பின்னர் வரிசை வரிசையாகச் சென்று, நிபந்தனைக்கு இணங்கியவற்றை எழுதுதல் வேண்டும். பெயரினுள்ளே காற்புள்ளி வரின் அதனை மேற்கோட்குறிகளுள் அடைத்தல் முறை, பைத்தானிலுள்ள சி.எஸ்.வி. என்னும் தொகுதி இதனைத் தானே செய்யும். தமிழெழுத்துச் சிதையாதிருக்க யூ.டி.எப்-8 என்னும் குறியீட்டு முறையைக் குறிப்பிடுக.

மதிப்பெண் கட்டம் வெறுமையாயிருப்பின் யாது செய்வது? பைத்தான் வெறுமையை எண்ணோடு ஒப்பிட மறுத்து, பிழை கூறி நின்றுவிடும். பழக்கமில்லாதார், பிழை ஒழிந்தாற் போதுமென்று வெறுமையைச் சுழியாகக் கொள்வர். அப்பொழுது, விடைத்தாள் இன்னும் திருத்தப்படாத மாணவன் தேறாதவனாய்விடுவான்! மதிப்பெண் இன்மை வேறு. மதிப்பெண் சுழியாதல் வேறு. ஆதலின், ஐயத்திற்குரிய வரிசைகளைத் தனிக்கோப்பில் எழுதி, ஆசிரியர் ஒருவர் கண்ணாற் பார்த்துத் தீர்க்குமாறு வைத்தல் நலம்.

இறுதியாகச் செய்யத்தக்கது ஒரு கூட்டற்கணக்கு. எடுத்தவை, விட்டவை, ஐயத்திற்குரியவை ஆகிய மூன்றும் சேர்ந்து மூலத்தாளின் வரிசைத்தொகைக்குச் சமமாதல் வேண்டும். தாளில் 120 பெயர் இருப்பின், 97-ம் 19-ம் 4-ம் எனக் கணக்கு நேராக வரவேண்டும். ஒன்று குறையினும் அக்கோப்பை எவருக்கும் அனுப்பலாகாது. இங்கிலாந்தில் வந்த வரிசைகளையும் ஏறிய வரிசைகளையும் நாடோறும் இவ்வாறு ஒப்பிட்டிருப்பின், குறை முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

நிரல் எழுதப் பயிலும் நம் மாணவர் விரைவையே திறமையெனக் கருதாதிருப்பாராக. தாளிலே ஒரு வரிசையாய்த் தோன்றுவது, வெளியிலே ஒரு மனிதர். அவரை எடுத்தோமா, விட்டோமா என்று கேட்பவருக்கு விடைகூற வல்லதே நல்ல நிரல்.