தோழன் கண்ட பிழைகள்

கட்டுரை எழுதுவது ஒரு கலை. எழுதியதைத் திருத்துவது அதனினும் அரிய கலை. இவ்வுண்மையை நான் நூலில் படித்து அறியவில்லை. விடுதி அறையில் பட்டு அறிந்தேன்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கட்டுரைப் போட்டிக்காக, தில்லி மெகரௌலியிலுள்ள இரும்புத் தூணைப் பற்றி எழுதினேன். குப்தர் காலத்துத் தூண் அது. ஏறத்தாழ 7 மீட்டர் உயரம். 6 டன்னுக்கு மேற்பட்ட எடை. சுமார் 1600 ஆண்டுகளாகியும் அழியாமல் நிற்கிறது. நான் வரலாற்று மாணவன், பெருமிதத்தோடு எழுதினேன். முடித்ததும், வேதியியல் பயிலும் என் அறைத்தோழனிடம் நீட்டினேன். பாராட்டுவான் என்பது என் எண்ணம்.

அவன் நிதானமாகப் படித்தான். "முதற்பத்தியில் தூண் துருப்பிடிக்கவே இல்லை என்கிறாய். நான்காம் பத்தியில், இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் உண்டான மெல்லிய துருப்படலமே தூணைக் காக்கிறது என்கிறாய். எதை நம்புவது? மேலும், தூணுக்கு வந்து சேருமுன் தில்லி மன்னர் பட்டியலிலேயே ஒரு பக்கம் போய்விட்டதே!" என்றான்.

எனக்குச் சினம் மூண்டது. "வேதியியல் படிப்பவனுக்குத் தமிழ்நடை என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. ஒரே அறையில் இருந்தும் இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் கட்டுரையை உரக்கப் படித்தேன். அவன் சுட்டிய இடங்களில் என் நாவே தடுமாறியது. பள்ளியில் மனப்பாடம் செய்த நன்னூல் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் நூலில் நேரும் குற்றங்கள் பத்தெனத் தொகுத்தாரே, அவற்றுள் மூன்று என் கட்டுரையில் இருந்தன! துருவைப் பற்றி முன்னுக்குப்பின் முரணாக எழுதியது மாறுகொளக் கூறல். மன்னர் பட்டியல் மற்றொன்று விரித்தல். தொடக்கத்தில் ஓங்கிய நடை முடிவில் இளைத்துப்போனது சென்று தேய்ந்து இறுதல். குற்றங்களின் பெயர் எனக்குத் தெரியும். குற்றங்களைக் கண்டவன் அவன்.

அன்றிரவு மன்னிப்புக் கேட்டேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். "தூண் துருப்பிடிக்கவே இல்லை" என்ற தொடரை, "தூணின் மேற்பரப்பில் படிந்த மெல்லிய துருவே மேலும் துரு ஏறாமல் அதனைக் காக்கிறது" என்று மாற்றினேன். ஒரு பக்கப் பட்டியல் ஒரே வாக்கியம் ஆயிற்று. பரிசு வேறொருவருக்குப் போயிற்று. ஆயினும் கட்டுரை தேறியது; நட்பும் மீண்டது.

அன்று முதல் நாங்கள் கைக்கொள்ளும் முறையை உங்களுக்கும் கூறுகிறேன்.

முதலாவது, எழுதியதை ஓரிரவு ஆறப்போட்டு, மறுநாள் உரக்கப் படியுங்கள். கண் தாண்டிச் செல்லும் பிழையைக் காது பிடித்துவிடும்.

இரண்டாவது, தோழரிடம் கொடுக்கும்போது விளக்கம் கூறாதீர்கள். அச்சேறிய பின் படிப்பவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் நீங்கள் நின்று விளக்க இயலுமா?

மூன்றாவது, படித்தவர் தாம் புரிந்துகொண்டதை முதலில் தம் சொற்களில் சொல்லட்டும். நீங்கள் கருதியதும் அவர் சொல்வதும் வேறானால், திருத்த வேண்டிய இடம் தெரிந்துவிடும். அதன்பின் கருத்து, வரிசை, நடை என்று பாருங்கள். சந்திப்பிழையும் எழுத்துப்பிழையும் கடைசியில் பார்க்க வேண்டியவை. நாளை நீக்கப்போகும் பத்தியில் இன்று ஒற்றுத் திருத்துவது வீண்வேலை அல்லவா?

நான்காவது, வாதாடாமல் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் இருவர் ஒரே இடத்தில் இடறினால், குறை அவர்களிடம் இல்லை, எழுத்தில்தான் இருக்கிறது.

படிக்கும் தோழருக்கும் ஒரு வார்த்தை. "நன்றாக இல்லை" என்றால் எழுதியவருக்குப் பயனில்லை. எந்த வரியில், ஏன் என்று கூறுங்கள். பிழையைச் சுட்டிக் காட்டலாம். எழுதுகோலைப் பறித்து நீங்களே எழுதிவிடலாகாது.

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தருவதற்கு உரியவர்களுள் உடன்கற்ற தோழனையும் நன்னூல் சேர்த்துள்ளது. புகழ்ந்து பாடும் உரிமை பெற்ற தோழனுக்கு, முன்னதாகக் குறை கூறும் உரிமை இல்லாமற் போகுமா? அவ்வுரிமையை நான் இரண்டு நாள் மறுத்தேன். நீங்கள் ஒரு நாழிகையும் மறுக்க வேண்டா.