மூன்று நாளும் முந்நீரும்

நுழையும்முன்

பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டுக்குச் செல்வது தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். முன்பு ஒரு திங்கள் வரை நீண்ட அவ்வருகை, இன்று பல வீடுகளில் இரண்டு மூன்று நாள்களாகச் சுருங்கிவிட்டது. கடலோர ஊர்களில் அச்சிறு வருகையின்போது கைமாறும் அறிவு எத்தகையது, அது தடைப்பட்டால் நேரும் இழப்பு யாது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

விடுமுறையும் தடைக்காலமும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் என்பதால் விதிக்கப்பட்ட தடை அது. பள்ளிகளின் கோடை விடுமுறையும் ஏறத்தாழ அந்நாள்களிலேயே அமைகிறது. ஆண்டின் பிற நாள்களில் பேரப்பிள்ளை கண்விழிக்கும் முன்பே கடலேறிவிடும் தாத்தா, அப்போது கரையில் இருப்பார். படகின் பழுது நீக்குவார், வண்ணம் பூசுவார், வேப்பமர நிழலில் அமர்ந்து கிழிந்த வலையைச் செப்பனிடுவார். வருவாய் குறைந்த அக்காலம் குடும்பத்துக்கு நெருக்கடியானது. பேரப்பிள்ளைக்கோ தாத்தாவின் பொழுது முழுமையாகக் கிடைக்கும் காலம் அது ஒன்றே.

வலையின் ஒரு கண்ணியைப் பின்னக் கற்கும் பிள்ளை, ஒரு பெரிய உண்மையையும் உடன் கற்கிறது. கண்ணியின் அகலமே எந்த மீன் சிக்கும், எந்த மீன் தப்பும் என்பதை முடிவு செய்கிறது. கண்ணி சிறுத்தால் குஞ்சுகளும் சிக்கும். இன்று குஞ்சுகளை வாரிவிட்டால் நாளை கடலில் மீன் இராது. கடலுக்கு 61 நாள்கள் ஓய்வளிப்பதன் காரணமும் இதுவே.

ஓதம் கற்பிக்கும் கணக்கு

ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூன்றும் சேர்வதால் கடலுக்கு முந்நீர் என்னும் பெயர் அமைந்தது என்பது மரபுவழி விளக்கங்களுள் ஒன்று. அம்முந்நீரின் ஒழுங்கை அறிந்துகொள்ள மூன்று நாள்கள் போதும்.

தமிழ்நாட்டுக் கரையில் கடல்நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. நீர் மிகுதியாக ஏறிய இடத்தில் பேரப்பிள்ளை ஒரு குச்சியை நட்டு, நேரத்தைக் குறித்துக்கொள்வதாகக் கொள்வோம். முதல்நாள் காலை 6 மணிக்கு ஏறிய நீர், மறுநாள் ஏறத்தாழ 6.50 மணிக்கும், மூன்றாம் நாள் 7.40 மணிக்கும் ஏறும். நிலவு நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் தாழ்ந்து எழுவதே இதற்குக் காரணம். முழுநிலவு, மறைநிலவு நாள்களை ஒட்டி ஓதம் ஓங்கும். கடிகாரம் கட்டாத முன்னோர் வானத்தைப் பார்த்தே கடலின் நேரத்தைச் சொன்னது இவ்வறிவால்தான். இயற்பியல் நூலில் ஈர்ப்புவிசை என்று படித்ததை, பிள்ளை இங்கே தன் காலடியில் காண்கிறது.

அடுக்களையில் வாழும் சொற்கள்

கடல் அறிவு ஆடவர்க்கு மட்டும் உரியதன்று. மீனை விலைபேசி வாங்குவதும், கூடையில் சுமந்து விற்பதும், எஞ்சியதை உப்பிட்டுக் கருவாடாக்குவதும் பெரும்பாலும் பெண்களின் பணி. செவுள் சிவந்திருக்க வேண்டும். கண் தெளிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் விழும் குழி உடனே மறைய வேண்டும் எனப் பாட்டி கற்பிக்கும் சோதனைகள், நூற்றாண்டுகளின் பட்டறிவு.

சொற்களும் அவரிடமே தங்கியுள்ளன. மத்தி என்று ஓர் ஊரில் வழங்கும் மீன் மற்றோர் ஊரில் சாளை; வஞ்சிரம் என்று வடபகுதியில் அறியப்படுவது குமரிக் கரையில் நெய்மீன். கொண்டல் என்றால் கீழ்க்காற்று, வாடை என்றால் வடகாற்று என்று பாடநூலில் மனப்பாடம் செய்யும் மாணவர், கடலோர வீட்டின் அன்றாடப் பேச்சில் அச்சொற்கள் உயிருடன் உலவுவதைக் கேட்கலாம். கேட்பார் இல்லையெனில் சொல்வாரும் குறைவர். சொல்வார் குறைந்தால் சொல் அகராதிக்குள் ஒடுங்கும்.

உயிர் காத்த வாய்மொழி

இந்தோனேசியாவில், சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் சிமுலுவே என்னும் தீவு உள்ளது. 1907ஆம் ஆண்டு அங்கே ஆழிப்பேரலை தாக்கிப் பலர் மாண்டனர். தப்பியவர்கள் அதனைத் தம் மொழியில் ‘ஸ்மோங்’ என்றனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால், பொருள்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைக் கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர்.

2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் நேர்ந்தபோது, அலை அத்தீவை அடையச் சில நிமிடங்களே இருந்தன. கருவி எதுவும் எச்சரிக்கவில்லை. ‘ஸ்மோங்’ என்னும் குரல் கேட்டதும் மக்கள் குன்றுகளில் ஏறினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் அலையால் உயிரிழந்தோர் எழுவர் மட்டுமே எனப் பதிவாகியுள்ளது.

அதே பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தொட்டபோது, அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இங்கே நிலம் பலமாக அதிரவில்லை. சில இடங்களில் கடல் பின்வாங்கியதை வியப்புடன் பார்த்தவர்களுக்கு, அதன் பொருளைச் சொல்லிவைத்த பாட்டியோ தாத்தாவோ இல்லை. அவர்களும் தம் வாழ்நாளில் அதனைக் கண்டதில்லை. 1964ஆம் ஆண்டு தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிய நினைவு கரையோரத்தில் இருந்தது. ஆழிப்பேரலையைப் பற்றிய நினைவு இல்லை.

2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. எல்லாப் பேரலைகளும் கடல் உள்வாங்கிய பின்னரே வருவதில்லை ஆதலின், அதன் அறிவிப்பு இன்றியமையாதது. எனினும் அறிவிப்பைக் கேட்டதும் தயங்காமல் ஓடும் கால்களுக்கு, கேட்டறிந்த நினைவே விசை தருகிறது.

இன்று பதினோராம் வகுப்பில் பயில்வோர் அப்பேரலைக்குப் பின் பிறந்தவர்கள். அதனைக் கண்டு மீண்டவர்கள் அவர்களுடைய தாத்தா பாட்டியர். அன்று நீர் எதுவரை வந்தது, எந்த வழியாக ஓடியவர்கள் பிழைத்தார்கள் என்பதை அவர்களால் கைநீட்டிக் காட்ட முடியும். பேருந்துக்கு நேரமாகும் முன் கேட்டுவிட வேண்டிய செய்தி அது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியோரிடம் புயல், வெள்ளம், பேரலை ஆகியவற்றுள் ஒன்றைப் பற்றிய நினைவைக் கேட்டு, அவர்கள் வழங்கும் சொற்களிலேயே எழுதி வகுப்பில் படிக்க.

2. உங்கள் பகுதியில் மீன், காற்று, அலை ஆகியவற்றுக்கு வழங்கும் வட்டாரச் சொற்களைத் திரட்டிப் பட்டியலிடுக.

3. ‘முன்னெச்சரிக்கைக் கருவி இருக்கையில் வாய்மொழி அறிவு தேவையா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.