பாடம்: டீசல் கார் எடுக்கலாமா? கையெழுத்து வைக்க முன்னர் ஒரு குடும்பக் கணக்கு

வேலை அனுமதிப்பத்திரம் கைக்கு வந்து, முதல் இரண்டு மூன்று சம்பளமும் வந்தவுடன் வோபர்னில் புதிதாகக் குடியேறிய குடும்பங்களில் எழும்புகிற பேச்சு கார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேணும், இரவு வேலைக்குப் போக வேணும், குளிரில் பஸ்ஸுக்கு நிற்க முடியாது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருவர், "டீசல் கார் ஒண்டு மலிவா வருது, எண்ணெய்ச் செலவும் குறைவு, விடாதேங்கோ" என்று சொல்லுவார்.

சேர்த்து வைத்த காசு முழுவதும் அந்த ஒரு காரில் போய் முடங்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம். பாடத்தை வாசித்து, கடைசியில் உள்ள பயிற்சியை வீட்டில் எல்லோருமாக இருந்து செய்து பாருங்கோ.

1. ஊரில் சரியான கணக்கு இங்கே ஏன் மாறுகிறது?

இலங்கையில் நீண்ட காலமாக டீசல் விலை பெற்றோலை விடக் குறைவாகவே இருந்து வந்தது. வான், லொறி, பஸ் எல்லாம் டீசலில் ஓடின. வான் வைத்து ஹயர் ஓடினவர்களுக்கு டீசல் என்றால் இலாபம். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினதைப் பார்த்தவர்களும் எங்களில் இருக்கிறார்கள். 2022 இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். அதனால் எண்ணெய்ச் செலவைப் பார்த்துக் கார் எடுக்கிறது எங்களுக்குப் பழகிப்போன புத்தி.

ஆனால் கனடாவில் எண்ணெய் என்பது கார்ச் செலவின் ஒரு பங்கு மட்டும்தான். இன்சூரன்ஸ், திருத்த வேலை, பனிக்கால ரயர், பார்க்கிங் என்று மற்றப் பங்குகள் இருக்கின்றன. டீசல் காரில் மிச்சம் வருவது எண்ணெயில். செலவு கூடுவது திருத்த வேலையில். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

2. எண்ணெய்க் கணக்கு

ஒரே அளவான இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் கார் 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கிறது, டீசல் கார் 6 லீற்றர் குடிக்கிறது என்று வைப்போம். டீசல் எஞ்சின் குறைவாகக் குடிக்கும் என்பது உண்மை. ஒரு லீற்றர் டீசலில் பெற்றோலை விடக் கூடிய சக்தி இருக்கிறது. எஞ்சினும் அந்தச் சக்தியைக் குறைவாக வீணாக்கும்.

வருடத்துக்கு 12,000 கிலோமீற்றர் ஓடினால் பெற்றோல் காருக்கு 960 லீற்றர் வேணும், டீசல் காருக்கு 720 லீற்றர் வேணும். கணக்குப் பார்க்க மட்டும் பெற்றோல் லீற்றர் 1.50 டொலர், டீசல் 1.70 டொலர் என்று வைப்போம். பெற்றோல் காருக்கு 1,440 டொலர். டீசல் காருக்கு 1,224 டொலர். வருடம் முழுக்க மிச்சம் 216 டொலர். மாதத்துக்கு 18 டொலர்.

டீசல் எப்போதும் 20 சதம் கூடவா இருக்கும்? இல்லை. சில காலம் இரண்டும் ஒரே விலைக்குக் கிட்ட வரும், சில காலம் டீசல் நல்லாகக் கூடிவிடும். 2022 இல் உக்ரெயின் போர் தொடங்கிய பிறகு ஒன்ராறியோவில் டீசல் பெற்றோலை விட நன்றாக ஏறி நின்றது. ஊரைப் போல டீசல் எப்பவும் மலிவாக இருக்கும் என்று நம்பி இங்கே கார் எடுக்க முடியாது. வீட்டுக்குக் கிட்ட இருக்கிற எண்ணெய்க் கடைப் பலகையை ஒரு மாதம் கவனித்து, இரண்டு விலையையும் எழுதி வையுங்கோ. எல்லாக் கடையிலும் டீசல் இல்லை என்பதையும் அப்போது காண்பீர்கள்.

இதே காரில் வருடத்துக்கு 40,000 கிலோமீற்றர் ஓடினால் மிச்சம் 720 டொலராகும். அதாவது டீசல் கணக்கு நீண்ட தூரம் ஓடுபவருக்கே பொருந்தும். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஓடுகிற குடும்பக் காருக்குப் பொருந்துவது கடினம்.

3. குளிரும் குட்டிப் பயணங்களும்

எண்ணெய் விலையை விட முக்கியமான பகுதி இது. இன்றைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை அது எரித்துச் சுத்தம் செய்ய வேணும். அதற்கு எஞ்சின் நல்லாகச் சூடாகி, நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேணும்.

இப்ப வோபர்னில் ஒரு தாயின் நாளைப் பாருங்கோ. மார்க்கம் றோட்டில் இருந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சீடர்பிறே மோலில் சாமான் வாங்கி, எல்ஸ்மியர் றோட்டில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், திரும்பி வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு பயணமும் ஐந்து பத்து நிமிடம். எஞ்சின் சூடாக முதலே காரை நிற்பாட்டி விடுகிறார். இப்படியே போனால் வடிகட்டி அடைபடும். எச்சரிக்கை விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் ஓடினால் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரும். அதற்கு ஆயிரக்கணக்கான டொலர் கேட்பார்கள். மாதம் 18 டொலர் மிச்சம் பிடித்த கணக்கு அந்த ஒரு நாளில் அழிந்து விடும்.

குளிர்காலத்தில் இன்னும் சில விடயங்கள் உண்டு:

- கடும் குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறையத் தொடங்கும். அதற்காகக் கடைகளில் பனிக்காலத்துக்கு ஏற்ற டீசல் விற்பார்கள். கோடையில் நிரப்பின எண்ணெயைத் தாங்கியில் வைத்துக்கொண்டு சனவரிக்குப் போகக் கூடாது.
- டீசல் எஞ்சின் சூடாக நேரம் எடுக்கும். அதனால் காருக்குள் ஹீற்றரும் மெதுவாகவே சூடு தரும். பின்சீற்றில் கைக்குழந்தை இருந்தால் இதை யோசிக்க வேணும்.
- எஞ்சினை இரவு முழுக்கச் சூடாக வைக்கும் மின்கருவி சில கார்களில் இருக்கும். ஆனால் மாடிக் கட்டிடத்தின் வெளிப் பார்க்கிங்கில் அதைச் செருக மின்சார இணைப்பு பெரும்பாலும் இராது.
- பல டீசல் கார்களுக்கு யூரியா கலந்த திரவம் ஒன்றும் தனியாக ஊற்ற வேணும். அது சுமார் சைபருக்குக் கீழே 11 பாகையில் உறையும். அதைச் சூடாக்கும் கருவி பழுதானால் அதுவும் ஒரு செலவு.
- காரைச் சூடாக்க நெடுநேரம் ஓட விட்டு வைக்கவும் முடியாது. ரொறன்ரோ மாநகர விதிப்படி ஒரு மணித்தியாலத்தில் 1 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓட விடக் கூடாது. சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

4. மலிவாக வருகிறதே, ஏன்?

கனடாவில் புதிய டீசல் கார்கள் இப்போது மிகக் குறைவு. டீசலில் விற்கப்படுபவை பெரும்பாலும் பெரிய பிக்கப் வண்டிகள். ஆகவே உங்களுக்கு வரும் "மலிவு டீசல் கார்" பல வருடம் ஓடின பழைய கார்தான், பெரும்பாலும் வொக்ஸ்வாகன். அதன் கதையைத் தெரிந்து வைத்திருங்கோ.

2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மோசடியை வெளியிட்டது. 2009 முதல் 2015 வரையிலான ஜெற்றா, கோல்ப், பஸாற் போன்ற டீசல் கார்களில் ஒரு மென்பொருள் இருந்தது. கார் பரிசோதனையில் நிற்கிறது என்று தெரிந்தால் அது புகையைக் கட்டுப்படுத்தும். றோட்டில் ஓடும்போது விட்டுவிடும். அப்போது நைதரசன் ஒட்சைட்டு வாயு அனுமதித்த அளவை விட 40 மடங்கு வரை வெளிவந்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 இலட்சம் கார்கள். கனடாவில் மட்டும் 2 லீற்றர் எஞ்சின் கார்கள் சுமார் 105,000. 2016 டிசம்பரில் கனடியச் சொந்தக்காரர்களுக்கு 2.1 பில்லியன் டொலர் வரையிலான இணக்கத் தீர்வு அறிவிக்கப்பட்டது. 2020 சனவரியில் ரொறன்ரோ நீதிமன்றத்தில் 60 குற்றச்சாட்டுகளை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தண்டம் 196.5 மில்லியன் டொலர்.

அந்தக் கார்களில் பல திருத்தப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்தன. திருத்தின கார் ஓடக்கூடிய கார்தான். ஆனால் திருத்தம் செய்ததற்கான எழுத்து ஆதாரத்தைக் கேட்டு வாங்குங்கோ. இன்னொரு விடயம்: செலவுக்குப் பயந்து சிலர் புகை வடிகட்டியையே கழற்றிவிட்டு விற்பார்கள். அப்படிக் கழற்றுவதும் அந்தக் காரை ஓட்டுவதும் ஒன்ராறியோவில் சட்டத்துக்கு மாறு. டிறைவ் கிளீன் என்ற கட்டாயப் புகைப் பரிசோதனை குடும்பக் கார்களுக்கு 2019 ஏப்ரல் 1 உடன் நின்றுவிட்டதால், இந்தக் குறையை விற்கும் நேரத்தில் யாரும் கண்டுபிடித்துத் தரமாட்டார்கள். வாங்குகிற நீங்கள்தான் மெக்கானிக்கைக் கொண்டு பார்க்க வேணும்.

டீசல் புகை சுவாசத்துக்கும் கெடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012 இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கோ.

5. இன்சூரன்ஸ்தான் பெரிய செலவு

ஒன்ராறியோவில் இன்சூரன்ஸ் இல்லாமல் கார் ஓட்டினால் முதல் தடவைக்கே ஆகக் குறைந்த தண்டம் 5,000 டொலர். அது 25,000 வரை போகலாம். புதிதாக லைசன்ஸ் எடுத்த ஒருவர் ஸ்காபரோ விலாசத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் சொல்லுவார்கள். அந்தத் தொகைக்கு முன்னால் டீசல் மிச்சம் ஒன்றுமே இல்லை. ஆகவே காரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முன்னர், அந்தக் காரின் அடையாள இலக்கத்தைக் கொடுத்து மூன்று இடத்திலாவது இன்சூரன்ஸ் விலை கேளுங்கோ. ஊரில் ஓட்டின அனுபவத்துக்கு எழுத்து ஆதாரம் இருந்தால் காட்டுங்கோ. பனிக்கால ரயர் போட்டால் விலைக்கழிவு கேளுங்கோ. 2016 இலிருந்து கம்பனிகள் அதைக் கொடுக்க வேணும்.

"என்ர பேரில போடுவம், நீங்கள் ஓடுங்கோ" என்று சொந்தக்காரர் அன்பாகச் சொன்னாலும் வேண்டாம். உண்மையில் யார் ஓட்டுகிறார், எந்த விலாசத்தில் கார் நிற்கிறது என்பதை மறைத்தால் விபத்து நடக்கிற அன்று கம்பனி காசு தர மறுக்கலாம். அந்தக் கடன் உங்கள் தலையிலும் விழும், அவர் தலையிலும் விழும்.

6. எந்தக் கார் என்றாலும் செய்ய வேண்டியவை

- ஊர் லைசன்ஸில் ஒன்ராறியோவுக்குக் குடிவந்த முதல் 60 நாள் மட்டும் ஓட்டலாம். பிறகு ஒன்ராறியோ லைசன்ஸ் வேணும். ஜீ1 மட்டும் உள்ளவர் தனியாக ஓட்ட முடியாது.
- தனியாரிடம் வாங்கினால், பழைய வாகனத் தகவல் கட்டை விற்பவர் தர வேணும். சேவிஸ் ஒன்ராறியோவில் அதன் விலை 20 டொலர். காரின் மேல் கடன் இருக்கிறதா என்று அதில் தெரியும்.
- 13 வீத வரியை விலையோடு சேர்த்து எண்ணுங்கோ. தனியார் விற்பனையில், சொன்ன விலை சந்தை மதிப்பை விடக் குறைவாக இருந்தால் மதிப்புக்கே வரி கட்ட வேணும்.
- பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். அது எஞ்சினுக்கு உத்தரவாதம் அல்ல.
- கார்க் கடையில் கையெழுத்து வைத்த பின், "மனம் மாறிவிட்டது" என்று திருப்பிக் கொடுக்க ஒன்ராறியோவில் சட்டப்படி கால அவகாசம் கிடையாது. விளங்காத தாளில் கையெழுத்து வையாதேங்கோ. வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கோ.
- கடனுக்கு எடுத்தால் மாதக் கட்டணத்தை மட்டும் பாராமல், எத்தனை மாதம், என்ன வட்டி, கடைசியில் மொத்தம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கோ.
- ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவி எடுப்பவர்கள் கார் வாங்க முன்னரே உங்கள் கேஸ் வேர்க்கரிடம் சொல்லுங்கோ.

7. அப்ப என்ன எடுக்கலாம்?

மூன்று வழி இருக்கிறது. முதலாவது, கொஞ்ச நாள் பொறுப்பது. ரீரீசியில் 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். வருமானம் குறைந்தவர்களுக்கு மாநகரத்தின் கட்டணக் கழிவும் உண்டு. ஒரு பனிக்காலம் பொறுத்தால் லைசன்ஸும் முன்னேறும், கையில் காசும் சேரும். இரண்டாவது, சாதாரண பெற்றோல் கார் அல்லது பழைய ஹைபிரிட். நின்று நின்று ஓடுகிற நகர ஓட்டத்துக்கு ஹைபிரிட் பொருத்தம். எந்தத் திருத்தகத்திலும் பார்க்கக்கூடிய, பாகம் மலிவான காரை எடுங்கோ. மூன்றாவதுதான் டீசல். ஒவ்வொரு நாளும் 401 இல் நீண்ட தூரம் வேலைக்குப் போகிறவர், முழுத் திருத்தப் பதிவும் உள்ள காரைக் கண்டவர், எதிர்பாராத திருத்தத்துக்குத் தனியாகக் காசு வைத்திருப்பவர். இந்த மூன்றும் பொருந்தினால் மட்டும் யோசியுங்கோ.

வீட்டுப் பயிற்சி

ஒரு தாளில் இந்த ஆறு கேள்விக்கும் பதில் எழுதுங்கோ.

1. ஒரு கிழமையில் எங்கெங்கே போகிறோம்? மொத்தம் எத்தனை கிலோமீற்றர்?
2. அதில் 20 நிமிடத்துக்கு மேல் நெடுஞ்சாலையில் ஓடும் பயணம் எத்தனை?
3. இன்சூரன்ஸ் மாதம் எவ்வளவு சொன்னார்கள்?
4. கார் விலை, வரி, பனிக்கால ரயர் எல்லாம் சேர்த்து எவ்வளவு?
5. அடுத்த மாதமே 2,000 டொலர் திருத்தம் வந்தால் எங்கிருந்து எடுப்போம்?
6. கார் எடுத்த பிறகும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சட்டத்தரணி செலவுக்கும் காசு மிஞ்சுமா?

இரண்டாம் கேள்விக்குப் பதில் "இல்லை" அல்லது "ஒன்றிரண்டு" என்றால் டீசலை விடுங்கோ. ஐந்தாம் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இப்போதைக்குக் காரையே தள்ளிப் போடுங்கோ. உங்கள் அகதிக் கோரிக்கை விசாரணை முடியும் வரைக்கும் கையில் இருக்கிற சேமிப்புத்தான் குடும்பத்துக்குக் காவல்.

விற்பனைத் தாளோ இன்சூரன்ஸ் தாளோ விளங்கவில்லை என்றால் கையெழுத்து வைக்க முன்னர் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கோ. தமிழில் வாசித்து விளங்கப்படுத்துவோம். இந்தப் பக்கத்தை வெட்டி வைத்து, கார் தேடுகிற இன்னொரு குடும்பத்துக்கும் கொடுங்கோ.