சின்னம்மைக்குத் தனித் தடுப்பூசி

அங்கத்தினர் வீட்டில் ஒருவருக்குச் சின்னம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறோம், அயலார் வருவதில்லை, தறியும் வயல்வேலையும் நின்றுபோகின்றன. ஒதுங்கியிருக்கும் இவ்வழக்கம் நன்றே. ஆயினும், கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே நோய் பிறருக்குப் பரவத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முன்கூட்டியே காப்புத் தேடுதல் அவசியம்.

“சிறுவயதில் அம்மை குத்திக்கொண்டோம், தழும்பு இருக்கிறது” என்பர் நம்முள் மூத்தோர். அத்தழும்பு பெரியம்மைக்குக் குத்தியது. அந்நோய் உலகினின்று ஒழிந்ததென 1980-ல் அறிவிக்கப்பட்டது. சின்னம்மையின் கிருமி வேறு. பழைய ஊசி அதனைத் தடுக்காது.

சின்னம்மைக்குரிய தடுப்பூசியை ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி 1974-ல் உருவாக்கினார். வீரியம் குறைக்கப்பட்ட கிருமியை உடலிற் செலுத்த, உடல் அதனை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது.

குழந்தைகளுக்கு ஒரு வயது நிறைந்தபின் இரு தவணையாக இவ்வூசி போடப்படுகிறது. இந்நோய் இதுவரை வராத பெரியவர்களும் இரு தவணை போட்டுக்கொள்ளலாம். இடையே நான்கு வாரமேனும் கழிதல் வேண்டும். பெரியவர்களை இந்நோய் கடுமையாக வருத்தும், நுரையீரலையும் தாக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இவ்வூசி ஆகாது. நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியோர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு நோய் கண்டபின்னும், மற்றவர்கள் மூன்று நாட்களுக்குள் ஊசி போட்டுக்கொண்டால் பயன் உண்டு. நோயாளியோ, கொப்புளங்கள் யாவும் பொருக்காகும்வரை தனித்திருத்தல் வேண்டும்.

நம் இல்லத்தில் சின்னம்மை வராதவர் எவரெவர் என இம்மாதமே கணக்கெடுத்து, மருத்துவரை அணுகுவோமாக.