நாற்காலி சரியாக அமையட்டும்

கேள்வி: விபத்துக்குப் பிறகு என் தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான். விளையாட்டு, தொழில் என்று இனி அவனால் சாதிக்க முடியுமா?
- ஒரு வாசகி, ராசிபுரம்

பதில்: முடியும் அம்மா. உங்கள் பக்கத்து மாவட்டமான சேலத்தின் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. காய்கறி விற்ற தாய் வளர்த்த பிள்ளை, 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

அவர் நின்று தாண்டுபவர். உங்கள் தம்பிக்கு இன்னும் நெருக்கமானவர் கலிபோர்னியாவின் மர்லின் ஹாமில்டன். 1978இல் ஹேங் கிளைடரில் பறந்தபோது விபத்து, கால்கள் செயலிழந்தன. அன்றைய நாற்காலிகளின் கனம் அவருக்குப் பொறுக்கவில்லை. கிளைடர் செய்யும் நண்பர்கள் இருவரிடம், கிளைடருக்கான அதே அலுமினியக் குழாயில் ஒரு நாற்காலி கட்டித் தரச் சொன்னார். அதுதான் 'குவிக்கி' நாற்காலி. மூவரும் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்கள், நாற்காலி உலகமெங்கும் விற்றது. சக்கர நாற்காலி டென்னிஸில் மர்லின் யு.எஸ். ஓப்பன் பட்டத்தையும் இருமுறை வென்றார்.

தம்பியின் மன உறுதியைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அவன் இடுப்பளவுக்குப் பொருந்தும், கனமில்லாத நாற்காலி வேண்டும். அடையாள அட்டையோடு நாமக்கல் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.