ஜெரார்ட் பிக்கே: களத்திலிருந்து இணையத்துக்கு – முக்கியக் குறிப்புகள்

• பிறப்பு: 1987 பிப்ரவரி 2, பார்சிலோனா. சென்டர் பேக் இடத்தில் ஆடிய ஸ்பெயின் கால்பந்துத் தடுப்பாட்டக்காரர்.

• கிளப்புகள்: மான்செஸ்டர் யுனைடெட் (2004–08, இடையில் ஒரு சீசன் ரியல் சரகோசாவில் கடனாக), பார்சிலோனா (2008–22).

• நாட்டுக்காக 102 ஆட்டங்கள். 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ கோப்பை இரண்டும் வென்ற அணியில் இருந்தவர். குழப்பம் வரும் இடம்: 2010 உலகக் கோப்பையில் நடுத்தடுப்பில் இவருடைய ஜோடி கார்லெஸ் புயோல். செர்ஜியோ ராமோஸ் அப்போது வலது பக்கத் தடுப்பாட்டக்காரர்.

• இவரது இணையப் புகழ் வெறும் ஃபாலோயர் கணக்கு இல்லை. அதை மட்டும் மனப்பாடம் செய்து பயனில்லை, அது தினமும் மாறும். பார்வையாளர்களை வைத்து இவர் புதிய போட்டிகளையே உருவாக்கினார். மற்ற நட்சத்திரங்களிடமிருந்து இவர் வேறுபடுவது இங்கேதான். 2017-இல் இவர் தொடங்கிய காஸ்மோஸ் நிறுவனமே இதற்கு அடித்தளம்.

• கூட்டாளி: ட்விட்ச் நேரலைத் தளத்தின் ஸ்பானிய நட்சத்திரம் இபாய் யானோஸ். 2021 ஆகஸ்ட் 29-இல் பாரிஸ் அணிக்காக மெஸ்ஸி ஆடிய முதல் ஆட்டத்தை ஸ்பெயின் ரசிகர்கள் இபாயின் ட்விட்ச் சேனலிலும் பார்த்தார்கள். ஒளிபரப்பு உரிமையை வாங்கியது காஸ்மோஸ்.

• பலூன் உலகக் கோப்பை (2021 அக்டோபர், ஸ்பெயின்): அமெரிக்காவில் ஒரு வீட்டில் உடன்பிறந்தவர்கள் பலூனைத் தரையில் விழவிடாமல் தட்டி விளையாடிய வீடியோ வைரலானது. அதைப் பார்த்த பிக்கேயும் இபாயும் 32 நாடுகளை அழைத்து, சோஃபா, மேசை போட்ட அறை போன்ற களத்தில் போட்டியாகவே நடத்தினார்கள். வென்ற நாடு பெரு.

• கிங்ஸ் லீக் (முதன்மையாகப் படிக்க வேண்டியது): பிக்கே உருவாக்கிய கால்பந்துத் தொடர், 2023 ஜனவரியில் தொடக்கம். அணிக்கு 7 பேர், 20 நிமிடம் வீதம் இரு பாதிகள், 12 அணிகள். எதிராளியின் திட்டத்தைக் கலைக்கும் ரகசிய அட்டைகளும் உண்டு. தொடக்கத்தில் அணிகளின் நிர்வாகத் தலைவர்களாக இருந்தவர்கள் ஸ்ட்ரீமர்களும் முன்னாள் வீரர்களும்: இபாய், இகர் காசியாஸ், செர்ஜியோ அகுவேரோ. மொபைலில் பார்க்கும் இளைஞர்கள் மைதானத்துக்கு வரமாட்டார்கள் என்ற பேச்சுக்கு 2023 மார்ச் 26 பதில் சொன்னது: காம்ப் நூ மைதானத்தில் நடந்த இறுதிக் கட்டத்துக்கு 92,522 பேர்! முதல் சாம்பியன்: எல் பாரியோ. பெண்களுக்கான குயின்ஸ் லீக் அதே ஆண்டில் வந்தது.

• ஷகீரா: பாடகி, பிக்கேயின் முன்னாள் துணை. இவருக்கும் பிறந்தநாள் பிப்ரவரி 2 (ஆண்டு 1977). 2022 ஜூனில் பிரிவு அறிவிப்பு. 2023 ஜனவரியில் இசைத் தயாரிப்பாளர் பிசாரப்புடன் ஷகீரா வெளியிட்ட பாடலில், பிக்கேயைக் கேலி செய்யும் வரிகளில் கேஸியோ கடிகாரமும் ட்விங்கோ காரும் வந்தன. பிக்கே கிங்ஸ் லீக் நேரலையில் கேஸியோ கடிகாரத்தைக் காட்டினார், ட்விங்கோ காரிலேயே வந்திறங்கினார். வசவைத் தன் போட்டிக்கு விளம்பரமாக்கிய இந்தத் துணிச்சல் பாராட்டத்தக்கது.

• டேவிஸ் கோப்பை: 2018-இல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்புடன் இந்தக் கோப்பைக்காக காஸ்மோஸ் செய்த 25 ஆண்டு ஒப்பந்தம் 2023 ஜனவரியிலேயே முறிந்தது.

• ஓய்வு: 2022 நவம்பர் 3, சமூக ஊடகத்தில் வீடியோ வழி அறிவிப்பு. கடைசியாகக் களத்தில் ஆடியது நவம்பர் 5, அல்மேரியாவுக்கு எதிராக. நவம்பர் 8 ஒசாசுனா ஆட்டத்தில் அவர் களமிறங்கவே இல்லை. மாற்று வீரராக இருந்து, இடைவேளையில் நடுவரோடு வாதிட்டுச் சிவப்பு அட்டை பெற்றார். நவம்பர் 5, 8 ஆகிய இரண்டு தேதிகளையும் தனித்தனியாக நினைவில் வைக்கவும்.